ஷென் லியூ பெயரில் புதைக்கப்பட்டவன்

விளக்கை அணைத்தாகிவிட்டது. இனி விடிகிறவரை ஏற்றக் கூடாது என்பது சட்டம். மதகும் அதுவரை திறக்காது. கரையில் காவல்காரன் நடக்கிறான், கேட்கிறதா... தடியைக் கல்லில் தட்டித் தட்டி. அவன் தாண்டிப் போகட்டும். படகுக்குள் இடம் கொஞ்சம்தான், நெருங்கி உட்காருங்கள். பட்டு வியாபாரி இருட்டிலும் சிரிக்கிறார். சிரிக்கட்டும். இது எனக்கு நடந்ததல்ல. ஹாங்ஜோவில் எனக்குப் பக்கத்துக் கடைக்காரன் லின் என்று ஒருவன். அவனுடைய சித்திக்கு நடந்தது. அவள் வாயாலேயே அவன் கேட்டிருக்கிறான்.

பொழுது சாய்ந்து, ஊரடங்கு முரசு அடிப்பதற்குச் சற்று முந்திய நேரம். லியுதாங் ஊருக்குப் போகிற கரைப்பாதை. ஒரு பக்கம் கால்வாய். மறு பக்கம் மல்பெரித் தோப்பு. அந்த வேளையில் அந்தப் பாதையில் யூலான் ஒருத்திதான். லின்னின் சித்தி பெயர் அதுதான். தோளில் கம்பு, இரண்டு முனையிலும் வெறுங்கூடை. பட்டுக்கூடு விற்றுவிட்டுத் திரும்புகிறாள். முரசுக்குப் பிறகு வெளியில் அகப்பட்டால் கம்படி. அதனால் வேகமாக நடந்தாள்.

முதலில் வாடைதான் வந்ததாம். நனைந்த ஆட்டு ரோமம்... அதோடு புளித்த பால். நம் பக்கத்தில் பாலை யார் தொடுகிறார்கள்? அந்த வாடை குதிரைப்படை முகாம் ஓரமாகப் போனால்தான் வரும். யூலான் நின்றாள். தவளைகள் அவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்தவை, கத்தவில்லை. நாணலுக்கு நடுவே ஒரு காலணி தெரிந்தது. நுனி மேல்நோக்கி வளைந்த, தடித்த தோல் காலணி.

காலணிக்குள் கால் இருந்தது.

குப்புறக் கிடந்தான். உச்சி மழித்திருந்தது. காதுகளுக்குப் பின்னால் மடித்துக் கட்டிய சடைகள், தண்ணீரில் மெல்ல ஆடிக்கொண்டு... மங்கோலியன். ஒரு பக்கத்துச் சடைக்குக் கீழே மண்டை உள்ளே அமுங்கிப் போயிருந்தது. யாரோ அடித்திருக்கிறார்கள். யார் என்று அந்த ஊரில் அன்றும் யாரும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை.

அவள் கத்தவில்லை. கத்தினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். மங்கோலியன் ஒருவன் குடித்துவிட்டு நம் ஆளைக் கொன்றால், அடக்கச் செலவுக்கு வெள்ளியைக் கொடுத்துவிட்டுப் படையோடு போய்விடுவான். நம் ஆள் அவர்களில் ஒருவனைக் கொன்றால் தலை போகும். கொன்றவன் அகப்படாவிட்டால்? அதற்கு முந்தின வருடம் மேற்கே ஓர் ஊரில் அப்படி ஆயிற்று. பிணத்தை முதலில் பார்த்தவனைத்தான் முதலில் கட்டினார்கள். வலி தாங்காமல் அவன் ஒரு பெயரைச் சொன்னான். அந்தப் பெயர்க்காரன் இன்னொரு பெயரைச் சொன்னான். அறுவடை வந்தபோது கதிர் அறுக்க அந்த ஊரில் ஆண்பிள்ளை இல்லை.

யூலான் வீட்டுக்கு வந்து மாமியாரிடம் மட்டும் சொன்னாள். அந்த வீட்டில் அவர்கள் இருவர்தான். மாமியாரை யாவ் அம்மாள் என்பார்கள். இளம் வயதிலேயே புருஷனை இழந்தவள். வாய் கடுமை. ஒரே மகன் ஷென் லியூ, யூலானின் கணவன். கிழக்குக் கடல் தாண்டிச் சண்டைக்குப் போன கப்பல்களில் துடுப்புப் போட அவனைப் பிடித்துப் போயிருந்தார்கள். கப்பல்கள் புயலில் போய்விட்டன என்று செய்தி வந்தது. ஆள் வரவில்லை. செத்தான் என்று சொல்லவும் யாரும் வரவில்லை. அதனால் அவன் கட்டிலை விரித்து வைத்தபடியே இரண்டு பெண்களும் வருடக்கணக்காகக் காத்திருந்தார்கள்.

யாவ் அம்மாள் நேரே ஃபாங்கிடம் போனாள். ஃபாங், அந்த ஊர் வீடுகளுக்கெல்லாம் தலைவர். ஊரில் எது நடந்தாலும் அரசாங்கம் அவர் கழுத்தைத்தான் பிடிக்கும். பிணத்தை எங்காவது ஆழமாகப் புதைத்துவிடலாம் என்றுதான் அவரும் முதலில் நினைத்தார். அதற்குள் கள்ள உப்புப் பிடிக்கிற காவல் படகு ஒன்று அந்த வழியாகப் போய்விட்டது. நாணலில் ஏதோ பிணம் கிடக்கிறது என்று படகிலிருந்தவன் மதகுக் காவலில் சொல்லிவிட்டான். இருட்டில் அவனுக்குப் பிணம் என்றுதான் தெரிந்தது, யார் என்று தெரியவில்லை. காலையில் விசாரணைக்கு வருவார்கள். பிணம் இல்லையென்றால் ஊரையே தோண்டுவார்கள்.

ஃபாங்கும் இன்னும் இரண்டு மூன்று பேரும் ஷென் வீட்டுக் கூடத்தில், விளக்கில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். "பொணம் இருக்கணும்," என்றார் ஃபாங். "ஆனா அது நம்ம ஆளா இருக்கணும்."

ஊரில் உள்ள ஒவ்வொரு தலையும் அரசாங்கக் கணக்கில் இருக்கிறது. இல்லாத ஆளைச் செத்தான் என்று சொல்ல முடியாது. இருக்கிற ஆளையும் சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் யூலானுக்குப் புரிந்தது... எல்லோரும் அவள் மாமியார் இருந்த பக்கமே திரும்பியிருந்தார்கள்.

"அண்ணி, ஊர்லயே ஆள் கொறையுற வீடு உங்க வீடு ஒண்ணுதான்," என்றார் ஃபாங்.

"எம் பையன் உசுரோட இருக்கான்."

"இருக்கட்டும். நல்லா இருக்கட்டும். நாளைக்குக் காலையில ஒரு பொழுது மட்டும் செத்திருக்கட்டும். இல்லேன்னா மொதல்ல பாத்தவ உங்க மருமகதான... அவளத்தான் மொதல்ல கட்டுவாங்க."

யாவ் அம்மாள் இருட்டில் கையை நீட்டி யூலானின் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள். அவ்வளவு மெல்லிய கை. எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து மகனுடைய பழைய நீலச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

அன்றிரவு அவர்கள் செத்தவனின் சடையை அவிழ்த்தார்கள். மழித்த உச்சியை மறைக்க முடியாது; ஆகவே தலை முழுவதையும் மழித்தார்கள். துறவி வேஷம் போட்டுத் தப்பி வந்த மகன், வீட்டை நெருங்குகிற நேரத்தில் கரையிலிருந்து வழுக்கிக் கல்லில் விழுந்து செத்தான் என்று கதை. காலணிகள் சேற்றுக்குள் போயின. உடம்பைக் கழுவியது யாவ் அம்மாள். வேறு யாரும் தொட அவள் விடவில்லை. இடது விலாவுக்குக் கீழே பழைய தழும்பு ஒன்று அவள் விரலில் பட்டது.

காலையில் வந்தார்கள். எழுத்தர் ஒருவர், பிணம் சோதிக்கிற ஆள் ஒருவன், குதிரைமேல் மங்கோலியக் கண்காணி. அவருக்கு நம் பேச்சு தெரியாது. எதையும் கவனிக்காதவர் போலத் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாயில் கிடத்தினார்கள். காடியை ஊற்றிக் கழுவினார்கள். அந்தப் புளிப்பு நெடியில் எல்லோருக்கும் கண் கரித்தது, அழுவதற்கு வசதியாக இருந்தது. முகம் தண்ணீரில் ஊறி, எவன் முகமாகவும் இருக்கலாம் என்கிற மாதிரி ஆகியிருந்தது.

இந்த முகத்தை வைத்துக்கொண்டு உன் மகன் என்று எப்படிச் சொல்கிறாய் என்று எழுத்தர் கேட்டார்.

"எடது வெலாவுக்குக் கீழ தழும்பு இருக்கும் பாருங்க எசமான். கொதிக்கிற கஞ்சி கொட்டிருச்சு. அப்ப ஏழு வயசு."

பார்த்தார்கள். இருந்தது.

அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். ஃபாங் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். ஆனால் அவள் நிறுத்தவில்லை. இடி இடித்தால் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வான் என்றாள். மீன் வைத்தால் தலையைக் கிள்ளி என் கிண்ணத்தில் போட்டுவிடுவான் என்றாள். தூங்கும்போது ஒரு காலால் மற்றக் காலைத் தேய்த்துக்கொண்டே இருப்பான் என்றாள். எழுத்தர் போதும் போதும் என்றார். அவள் சொல்லிக்கொண்டே போனாள். தழும்பு ஒன்றுதான் பொய். மற்றதெல்லாம் லியூவுடையது. அத்தனையும் சொல்லும்போது பிணத்தின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்திருந்தாள்.

சோதிக்கிற ஆள் தொடைகளின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தபோது அவன் கை நின்றது. அங்கே தோல் காய்த்துப் போயிருந்தது, பிறந்தது முதல் குதிரையேறியவனுக்குக் காய்ப்பது மாதிரி. என்ன என்று எழுத்தர் கேட்டார். அவன் யாவ் அம்மாளை ஒரு பார்வை பார்த்தான். "ஒண்ணுமில்லீங்க. படகுல ஒக்காந்து ஒக்காந்து காச்சுப் போயிருக்கு," என்றான்.

எல்லாம் முடிந்து கிளம்புகிற சமயத்தில்தான் அது நடந்தது. கண்காணியின் குதிரை கழுத்தை நீட்டியது. பாய் வரை குனிந்து, மழித்த அந்தத் தலையை மூக்கால் மெல்ல... ஒரு தடவை, இரண்டு தடவை தள்ளியது. எழுந்திரு என்பது போல. கண்காணி கடிவாளத்தை இழுத்தார். குதிரை நகரவில்லை. சாட்டையால் இரண்டு அடி விழுந்த பிறகுதான் திரும்பியது.

ஷென் வீட்டு இடுகாட்டில், லியூவின் அப்பாவுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். லியூவின் பெயரை மரப்பலகையில் எழுதிக் கூடத்தில் வைத்தார்கள். யூலான் வெள்ளை உடுத்தினாள். ஊர் பிழைத்தது.

ஏழாம் இரவு செத்தவன் வீட்டைப் பார்க்க வருவான், வாசலில் சாம்பல் தூவ வேண்டும். அக்கம்பக்கம் பார்க்கட்டும் என்பதற்காகத்தான் யூலான் தூவினாளாம். கதவைத் தாழிட்டுவிட்டு மாமியாரும் மருமகளும் ஒரே போர்வைக்குள் படுத்தார்கள். நாய் குரைக்கவில்லை. தாழ் அசையவில்லை. ஆனால் ஒரு நேரத்தில் கூடத்துத் தரைப்பலகை... கிர்ர். பாரம் ஏறியது போல. அப்புறம் லியூவின் கட்டில்... கிர்ர்.

விடிந்ததும் பார்த்தார்கள். சாம்பலில் தடம் இருந்தது. விரல் பதியாத தடம். குதிகால் அகலமாக அழுந்தியிருந்தது, நுனி தரையில் படவே இல்லை. சாம்பல் ஒட்டி, வாசலிலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து கட்டிலுக்கு. திரும்பிப் போன தடம் இல்லை.

"அத்தே... அவன் போகல."

"எங்க போவான்? இதுதான் அவன் வீடுன்னு நான்தான சத்தியம் பண்ணினேன்."

ஆரம்பத்தில் அது வழிதவறி வந்த அந்நியனைப் போலத்தான் இருந்தது. மூலையில் அந்த ரோம வாடை. படையல் சோற்றைத் தொடுவதில்லை. இரவில் ஒரு குரல், தெரியாத பாஷையில், ஒரே ஒரு சொல்... தாழ்ந்த குரலில் திரும்பத் திரும்ப. யார் பெயரையோ கூப்பிடுவது மாதிரி இருக்கும் என்பாள் யூலான். அவன் அம்மாவோ, பெண்சாதியோ, யார் கண்டது.

யாவ் அம்மாள் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் சாயங்காலம் மூலையைப் பார்த்து நின்றாள். இடுப்பில் கை. "நீ எவனோ, எந்த ஊரோ. எம் பையன் பேர்ல இந்த வீட்டுல இருக்கே. இருந்தா அந்தப் பேருக்கு ஏத்தாப்புல இரு," என்றாள்.

அதற்குப் பிறகு மாற ஆரம்பித்தது. படையல் சோற்றில் முதலில் விரலால் கிள்ளிய பள்ளம். கொஞ்ச நாள் போனதும் பள்ளம் இல்லை, சாப்பாட்டுக் குச்சி நுழைந்த தடம். தொம் தொம்மென்று கேட்ட நடை வைக்கோல் செருப்பின் சரசரப்பாக ஆயிற்று. வாடை குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் மீன் வைத்தார்கள். காலையில் மீன் இல்லை. தலை மட்டும் யாவ் அம்மாளின் கிண்ணத்தில் இருந்தது. அவள் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டாள். முள்ளைக்கூட விடவில்லை.

மழைக்காலம் வந்தது. ஒரு ராத்திரி இடியும் மின்னலுமாக அடித்தது. கூடத்து மேசை நகர்ந்த சத்தம் கேட்டு யூலான் எட்டிப் பார்த்தாள். மேசைக்கு அடியில் பற்கள் கிடுகிடுக்கிற ஓசை, அங்கே ஒன்றும் இல்லை. மாமியார் தவழ்ந்து மேசைக்கு அடியில் போனாள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே வெற்று வெளியைத் தடவிக் கொடுத்தாள். மின்னல் வெட்டியபோது யூலான் பார்த்தாள்... தடவுகிற கை காற்றில் வளைந்து வளைந்து போயிற்று. ஒரு தலையின் வடிவத்தில்.

அதற்குச் சில நாட்களுக்குப் பிறகு முற்றத்திலிருந்து, "அம்மா," என்று ஒரு குரல். தெளிவாக, லியுதாங் பேச்சில். யூலானின் கணவன் குரல்தான், கொஞ்சமும் சந்தேகமில்லை. அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். மழையில் நனைந்த முற்றம். யாரும் இல்லை. பின்னாலிருந்து மாமியார் சாவகாசமாக, "வர்றேண்டா," என்று பதில் சொன்னாள்.

இப்படியே ஒரு வருடம் போயிற்று. அடுத்த இலையுதிர் காலத்தில் ஒரு மாலை. கரைப்பாதையில் ஒருவன் வந்தான். மொட்டைத் தலை. ஒட்டுப்போட்ட துறவி அங்கி. எலும்பும் தோலுமாக வாசலில் நின்றான். யூலான் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவன் ஒரு காலில் பாரத்தைப் போட்டுச் சாய்ந்து நிற்கிற விதம் அவளுக்குத் தெரியும்.

"நீ எந்த லியூ?" என்று கேட்டாளாம்.

அவன் சிரித்தான். அப்புறம் அவள் தோளுக்கு மேலே கூடத்தைப் பார்த்தான். தன் பெயர் எழுதிய பலகையைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

ஃபாங் கட்டிய கதை அப்படியே நடந்திருந்தது. கப்பல் உடைந்ததும் தளபதிகள் நல்ல படகுகளில் ஏறித் தப்பிவிட்டார்கள், மற்றவர்களைத் தீவில் விட்டுவிட்டு. நம்மைப் போன்ற தெற்கத்தியர்களை அந்த நாட்டுக்காரர்கள் கொல்லவில்லை, அடிமையாக உழ வைத்தார்கள். வியாபாரக் கப்பல் ஒன்றில் ஒளிந்து, கரையேறியதும் தலையை மழித்துத் துறவிபோல் பிச்சையெடுத்து நடந்தே வந்திருந்தான்.

யாவ் அம்மாள் அடுக்களையிலிருந்து வந்தாள். அவன் மண்டியிட்டுத் தரையில் நெற்றியை வைத்தான். அவள் அவனைத் தூக்கவில்லை. வெகுநேரம் பார்த்தாள்.

"சட்டையத் தூக்கு," என்றாள்.

அவன் தூக்கினான். விலா எலும்புகளை எண்ணலாம் போல இருந்தது. தழும்பு இல்லை.

"எம் பையனுக்கு எடது வெலாவுல தழும்பு இருக்கும்."

"அம்மா... எனக்கு எப்பம்மா தழும்பு?"

"கஞ்சி கொட்டிருச்சு. ஏழு வயசுல. நான்தான் பக்கத்துலயே இருந்து மருந்து போட்டேன். மூணு ராத்திரி தூங்கல நான்."

வாசலில் அதற்குள் ஃபாங் வந்து நின்றிருந்தார். அவர் காதில் விழட்டும் என்று சொன்னாளா, இல்லை நிஜமாகவே அப்படித்தான் நம்பினாளா... யூலானுக்குக் கடைசிவரை தெரியவில்லை. லின் எத்தனையோ முறை கேட்டிருக்கிறான். அந்த முகத்தில் நடிப்பு இல்லை என்று மட்டும் சொல்வாள்.

ஃபாங் மிரட்டவில்லை. அவரும் மண்டியிட்டார். லியூ உயிரோடு இருந்தால் புதைகுழியில் இருப்பது யார் என்று கேட்பார்கள், தோண்டுவார்கள், பொய்ச் சத்தியம் பண்ணியவர்களை எல்லாம் வரிசையாகக் கட்டுவார்கள். முதலில் அவன் அம்மாவை. இதையெல்லாம் லியூவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "தம்பி, நீ இருந்தா ஊர் இருக்காது," என்று மட்டும் சொன்னார் ஃபாங்.

அந்த இரவு மட்டும் தங்கினான். பசியாறினான். தன் கட்டிலில் போய்ப் படுத்தவன் உடனே எழுந்து வந்து, யூலான் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டான். என்ன என்று கேட்டாள்.

"கட்டில் சூடா இருக்கு," என்றான்.

இருட்டில் இருவரும் கண் விழித்துக் கிடந்தார்கள். கட்டிலில் ஒரு கால் மற்றக் காலைத் தேய்க்கிற ஓசை... சரக்... சரக்... விடிகிறவரை.

இன்னும் வெளிச்சம் வராத நேரத்தில் யாவ் அம்மாள் சோற்று உருண்டைகளைத் தாமரை இலையில் கட்டி யூலானிடம் கொடுத்தாள். மகனிடம் கொடுக்கவில்லை. "இந்தச் சாமியாரக் கரை வரைக்கும் கொண்டு விட்டுட்டு வா," என்றாள். பிறகு, "நீ வராட்டியும் பரவால்ல," என்றாள். அவன் வாசலைத் தாண்டும்போது ஓடிவந்து, தன் துணியை அவன் கழுத்தில் சுற்றி, குளிருக்குக் குழந்தைக்குச் சுற்றுவதுபோல் இறுக்கி முடிச்சுப் போட்டாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. முடிச்சை மட்டும் பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவள் யாரிடமோ பேசுகிற சத்தம் கரைப்பாதை வரை கேட்டதாம்.

யூலான் திரும்பவில்லை. இருவரும் கடற்கரைப் பக்கம் போய்விட்டார்கள். லியூ வேறு பெயர் வைத்துக்கொண்டு படகுகளுக்கு ஓட்டை அடைக்கிற வேலை பார்த்தான். அதிகம் பேச மாட்டான். பழைய விஷயம் எதைக் கேட்டாலும் நினைவில்லை என்பான். இடி இடித்தால் வெளியே போய் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான், பயமே இல்லாமல். சிறு வயதில் பயந்தாயே என்று யூலான் ஒரு முறை கேட்டாள். நானா என்று கேட்டானாம்.

பல வருடம் கழித்து, யாவ் அம்மாள் படுத்துவிட்டாள், இன்றோ நாளையோ என்று படகுக்காரன் ஒருவன் மூலமாகச் செய்தி வந்தது. லியூ போகவில்லை. "அங்க நான் செத்தவன்," என்றான். யூலான் போனாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது சவப்பெட்டியில் ஆணி அடித்தாகிவிட்டது. ஃபாங் அதற்கு முன்பே செத்துப்போயிருந்தார். வாசலில் பக்கத்து வீட்டு மா அக்கா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கடி போயிருந்தே இத்தன வருஷம், புருஷன ஒத்தையா விட்டுட்டு? பாவம், அவன்தான் ஆத்தாளுக்கு எல்லாம் பாத்தான். வாயில கஞ்சி ஊத்தினது, தூக்கி ஒக்கார வச்சது... பேச்சுதான் கம்மி, வேலையில ஒரு கொற சொல்ல முடியாது."

யார் என்று கேட்டாள் யூலான்.

மா அக்கா குரலைத் தாழ்த்தினாள். "தெரியாத மாதிரி கேக்காத. நாங்களும் மொதல்ல பயந்தோம்தான். வயல்ல பனியில நிப்பான், கிட்டப் போனா இருக்க மாட்டான். அப்புறம் பழகிப் போச்சு. கணக்குல செத்தவன். வரி கிடையாது, கரை வெட்ட எவனும் கூப்புட மாட்டான். இந்த ஊர்லயே குடுத்து வச்ச ஆம்பள அவன்தான்." சிரிக்கவும் செய்தாள்.

கூடம் இருட்டாக இருந்தது. பெட்டிக்கு முன்னால் சணல் துக்க உடையில் ஒருவன் மண்டியிட்டிருந்தான். முக்காடு முகத்தை மூடியிருந்தது. நெற்றியைத் தரையில் மோதினான்... தொப். மறுபடி... தொப். ரோம வாடை இல்லை, பால் வாடை இல்லை. காகிதம் எரிகிற மணம்தான். மா அக்கா ஒரு சணல் உடையைக் கொண்டுவந்து யூலான்மேல் போர்த்தினாள். "ஒனக்குன்னு எடுத்து வச்சிருந்தான். வருவேன்னு சொன்னான்," என்றாள். தோள் அளவு கச்சிதமாக இருந்தது. மருமகள் இருக்க வேண்டிய இடத்தில், அவனுக்கு ஒரு கை தூரம் பின்னால், யூலான் மண்டியிட்டாள். அவன் திரும்பவில்லை. அவளும் நிமிரவில்லை. பெட்டியைத் தூக்கியபோது மகன் உடைக்க வேண்டிய மண்சட்டியை அவன் ஓங்கி உடைத்தான். அம்மா என்று அலறினான். அந்தக் குரலில் ஊரே அழுதது. யூலானும் அழுதாள். மாமியாருக்காகவா, வேறு எதற்காகவா, அவளுக்கே தெரியவில்லை.

இடுகாட்டிலிருந்து நேரே படகேறிவிட்டாள். போட்டிருந்த துக்க உடையோடு.

கடற்கரை வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது லியூ விளக்கடியில் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை. அம்மா எப்போது போனாள், என்ன சொன்னாள் என்று எதுவும் கேட்கவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"சட்டிய யாரு ஒடச்சாங்க?"

யூலான் பொய் சொல்லப் பார்த்தாள். வரவில்லை.

"நீதான்," என்றாள்.

அவன் தலையசைத்தான். எழுந்து வந்து அவள் தோளிலிருந்து சணல் உடையைக் கழற்றினான். மடிக்கப் போனவனின் விரல் தையலில் நின்றது. விளக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தான். யூலானும் குனிந்து பார்த்தாள். அது நூல் இல்லை. குதிரை வாலின் மயிர்... கறுப்பு ஒன்று வெள்ளை ஒன்றாக முறுக்கி, சேணம் தைப்பது போல இறுக்கித் தைத்திருந்தது. பறித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். வேரில் இன்னும் ஈரம் இருந்தது.

லியுதாங்கில் குதிரை கிடையாது. நம் ஆட்கள் யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது சட்டம்.